யாருட்ட போய்க் கேக்க?

1979 ஜூலை. மணிமுத்தாறில் எங்கள் தெருவே அண்ணாந்து நின்றது. அமெரிக்காவின் ஸ்கைலாப் விழப்போகிறதாம்! ‘எப்படியும் சாகப்போறோம்’ என்று பக்கத்து வீட்டு மாமா முட்டையிடும் கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். எங்கள் ஆச்சி மட்டும் பதறவில்லை. வெற்றிலையை மடித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ‘‘ஏலே, தலையில விழுந்துட்டுன்னா யாருட்ட போய்க் கேக்க?’’

ஸ்கைலாப் இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. மாமாவுக்குக் கோழி போனதுதான் மிச்சம். அங்கே எஸ்பரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், ‘குப்பை போட்ட குற்றத்துக்கு’ நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதாம். பின்னாளில் அதைப் படித்தபோது, அட, நம்ம ஆச்சி மாதிரி அங்கேயும் யாரோ இருந்திருக்காங்களே என்று சிரித்துக்கொண்டேன்.

2016 பிப்ரவரி 6 உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நாட்றம்பள்ளி அருகே ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் பெரும் சத்தம். தரையில் குழி. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு பஸ் டிரைவர் இறந்துபோனார். மூன்று பேருக்குக் காயம். மறுநாளே, விழுந்தது விண்கல் என்று அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். பெங்களூருவிலிருந்து இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் வந்து ஆராய்ந்தார்கள். நாசாவோ, படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றது.

ஏன் அந்தச் சந்தேகம்? சின்ன விண்கல் காற்றில் உரசி உரசி மேலேயே வேகத்தை இழந்துவிடும். கடைசியில் மாடியிலிருந்து எறிந்த கல் மாதிரி ‘தொப்’பென்று விழும், அவ்வளவுதான். தரையில் வெடிக்காது. மேல்தோல் உருகி, கருகிய பூச்சாக ஒட்டியிருக்கும். அதைச் சோதித்தே கண்டுபிடித்துவிடலாம். 1865-ல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல், செவ்வாயிலிருந்து வந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்களே!

‘செத்தவர் செத்துட்டார், எது விழுந்தா என்ன சார்?’ என்று கேட்கலாம் நீங்கள். வித்தியாசம் இருக்கிறது. விழுந்தது விண்கல் என்றால் விதி; ஃபைலை மூடிவிடலாம். வெடித்தது வேறு என்றால், அதை யாரோ அங்கே வைத்திருக்க வேண்டும், யாரோ கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மாதிரி விசாரணைகளில் அவசரம் கூடாது.

அந்த டிரைவரின் வீட்டிலும் ஒரு ஆச்சி இருந்திருந்தால், இதைத்தானே கேட்டிருப்பாள்? வானத்தைக் கைகாட்டி அவளை அனுப்பிவிடலாமா, சொல்லுங்கள்.