கறுப்பாகப் போனால்

கேமரன் மலையின் கியா பார்மில் பனி இறங்கும் மாலைகளில் பெரியத்தையின் முழங்கால்கள் நினைவுக்கு வரும். சுங்கை பாலாஸ் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள். ராத்திரி தைலம், அதோடு கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று. அதைப் போட்டால்தான் மறுநாள் மலை ஏறலாம். அந்தக் காலத்துத் தோட்டத்து டிரஸ்ஸரும் வலிக்கு மாத்திரைதான் கொடுத்தார் என்று அத்தை சொல்லும்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. விடிந்து பார்த்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. கம்போங் ராஜா தாண்டி, சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் பக்கவாதம் எப்போது வந்ததென்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பிரின் கொடுத்தார்கள்.

ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆஸ்பிரின் தடுக்கும். மறுபடி வாதம் வராமல் காப்பது அதுதான். இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்பையும் அதே மாத்திரை குறைத்துவிடும். அது எப்படி என்று 1971-இல் கண்டு சொன்ன ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பூச்சுப் போட்ட மாத்திரை வயிற்றைக் கெடுக்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் ரத்தத்தில் கலந்த பிறகும் அது இதே வேலையைச் செய்யும். மூளை பாதிக்கப்பட்டாலே இரைப்பையில் புண் வரலாம் என்று மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-இலேயே எழுதியிருக்கிறார். அத்தைக்கோ, இவற்றோடு அந்தப் பழைய முழங்கால் மாத்திரையும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தபின் இடது கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே இருக்கும். பசி என்று கஞ்சி ஊட்டினோம். வாய் இருந்திருந்தால் எரிகிறது என்று சொல்லியிருக்கும்.

கண்டுபிடித்தது டாக்டரல்ல, பக்கத்து வீட்டுக் கிழவி. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். பிள்ளைகளின் துணியைப் பார்த்தே நோய் சொன்னவர். பேம்பர்ஸ் மாற்ற உதவ வந்தவர் அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, தார் மாதிரி போயிருக்கு. நாத்தமும் வேற. இப்பவே கொண்டு போ."

இரைப்பையில் கசியும் ரத்தம் அமிலம் பட்டுக் கறுத்து, அப்படித்தான் வெளியேறும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருந்தால், உட்காரவைத்ததும் தலை சுற்றினால், கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்திருந்தால், காப்பித்தூள் போல வாந்தி வந்தால், அதை ரத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தைக்கு ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள். சில நாளில் ஆஸ்பிரினை மீண்டும் தொடங்கினார்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு. பயந்துபோய் ஆஸ்பிரினை நாமாகவே நிறுத்திவிட்டால் அடுத்த வாதத்துக்கு வழி விடுகிறோம்.

வாதத்தில் படுத்தவரை வைத்துப் பார்க்கிற எல்லாரும் கைகால் அசைகிறதா என்று தினமும் பார்க்கிறோம். மலத்தின் நிறத்தையும் பாருங்கள். முன்பு வயிற்றுப்புண் இருந்ததையும், கடையில் வாங்கும் வலி மாத்திரையையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வயிற்றைக் காக்க மாத்திரை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். படுத்திருப்பவரால் கேட்க முடியாது.