சேமக்காலையில் பெயர் வெட்டுகிறவர்கள்

ஒக்ரோபர் கடைசி வாரத்தில் மன்னார்த் தீவில் ஒரு மேசனைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. மதில் வேலை, வீட்டு வேலை எல்லாம் பாதியில் நிற்கும்; ஆட்கள் சேமக்காலையில் நிற்பார்கள். நவம்பர் 2 இறந்த ஆன்மாக்கள் எல்லாரையும் நினைக்கிற நாள். அதற்குள் கல்லறைகளுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், வெடித்த சாந்தைக் கொத்தியெடுத்துத் திரும்பப் பூச வேண்டும், மங்கிய பெயர்களை மறுபடி எழுத வேண்டும். பள்ளிமுனை, தாழ்வுபாடு, தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் என்று கத்தோலிக்கர் வாழும் ஊரெல்லாம் இதே அவசரம். ‘இண்டைக்கு வாறன்’ என்று சொன்ன மேசன் நாளைக்கும் வரமாட்டார்.

நான் தேடிப்போன மேசன் அறுபதைத் தாண்டியவர். கையாள் பையன் அவரை ‘பாஸ்’ என்கிறான். கல்லறை வேலை கொடுத்த குடும்பங்கள் ‘அண்ணை’ என்கின்றன. கட்டட வேலைதான் பிழைப்பு. கல்லறை, கெபி, சின்னச் சொரூபம், நினைவுத்தூண் எல்லாம் வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும். ஆனாலும் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் அவர் கட்டிய வீடுகளைச் சொல்வதில்லை. இன்னாருடைய கல்லறையைச் செய்தவர் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

தீவில் காற்றே உப்பு. காலடியில் எவ்வளவு கடற்கரை மணல் கிடந்தாலும் அதைச் சீமெந்தில் கலக்கக் கூடாது. உப்பு உள்ளே போனால் கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி சாந்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால் அருவியாற்று மணல்தான் வேண்டும் என்று நிற்கிறார். சொரூபம் என்றால் முதலில் கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் கோழிவலை, அதன்மேல் சாந்து. கம்பிக்கும் வெளிப்பூச்சுக்கும் நடுவே எவ்வளவு மொத்தம் சாந்து இருக்கிறதோ அவ்வளவுதான் சொரூபத்தின் ஆயுள். “காசைக் குறைக்கச் சொன்னா மணலிலதான் கை வைப்பாங்கள், தம்பி” என்றார். பிளந்து கிடந்த பக்கத்துத் தூண் ஒன்றை அவர் காட்டவில்லை, பையன் காட்டினான்.

எழுத்து வெட்டுவதைப் பார்க்கத்தான் நான் போனது. கொஞ்சம் வெள்ளைச் சீமெந்தைக் களியாகக் குழைத்து, நனைத்த பரப்பின்மேல் சாந்தகப்பையால் இழுத்துவிடுகிறார். பிறகு ஒன்றும் செய்வதில்லை. விரலால் தொட்டுப் பார்க்கிறார், பீடி பிடிக்கிறார், மறுபடி தொடுகிறார். விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் பதிகிற பதம் வந்ததும் நூல் பிடித்துக் கோடு போட்டு, பென்சிலால் எழுதி, முனை மழுங்கிய சமையல் கத்தி ஒன்றால் எழுத்தைச் சுற்றி வெட்டி, வேண்டாத சாந்தை வழித்தெடுக்கிறார். எழுத்து மட்டும் புடைத்து நிற்கும். வெயில் ஏறினால் பதம் கடந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். சுழி உள்ள எழுத்துகள்தான் வில்லங்கம். ‘ணை’, ‘ஞா’ வந்தால் முகம் சுளிக்கிறார். பெயர் முழுக்கச் சரியாக வந்து கடைசியில் ஒரு கொம்பு உடைந்தால் முழு வரியையும் வழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். இறந்தவரின் அம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்போது பெயரைப் பிழைவிட முடியாது. இயந்திரத்தில் வெட்டிய கறுப்புக் கிரனைட் பலகைகள் இப்போது தீவுக்குள்ளும் வருகின்றன. படத்தோடு, பளபளப்பாக. அவற்றில் எழுத்துப்பிழை இருந்தால் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குள் திருநாள் போய்விடும் என்பதுதான் கைவேலைக்காரர்களுக்கு மிச்சமிருக்கும் வாய்ப்பு.

ஆள் எப்படிச் செத்தார் என்பதை யாரும் எழுதச் சொல்வதில்லை என்றார் அவர். வெட்டுப்பட்டவர், சூடுபட்டவர், கடலில் போனவர், நோயில் போனவர் எல்லாருக்கும் ஒரே வாசகம்: பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, கர்த்தருக்குள் இளைப்பாறுதல். திகதியைப் பார்த்தே ஊர்க்காரர் விளங்கிக்கொள்வார்கள்.

இது கொஞ்சம் விசித்திரம்தான். காயப்பட்ட உடலைப் பொதுவில் வைத்துப் பார்க்கத் தெரியாத ஊர் இல்லை இது. பேசாலையில் உடக்குப் பாஸ் என்றொரு மரபு உண்டு. அசையும் உறுப்புகள் கொண்ட சொரூபங்களை வைத்து இயேசுவின் பாடுகளைக் காட்டுவார்கள். அடிபட்டு, குத்துண்டு, சிலுவையிலிருந்து இறக்கப்படும் உடலைச் சனம் கூடி நின்று பார்க்கும், அழும். அதே சனம் தன் வீட்டுப் பிள்ளையின் கல்லில் ‘கொல்லப்பட்டார்’ என்ற ஒரு சொல்லைத் தவிர்க்கிறது. பயம் என்று சிலர் சொல்கிறார்கள். துக்கத்தைத் தெருவில் வைக்க விரும்பாத அடக்கம் என்று சிலர். இரண்டும் இருக்கும்.

தீவில் வாளுக்குப் பலியானவர்களின் பெரிய நினைவிடம் தோட்டவெளியில் இருக்கிறது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வீதியில் போனால் வரும் ஊர். 1544இல் மன்னார்க் கடலோர மக்கள் தூத்துக்குடிப் பக்கம் இருந்த பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். அவரால் வர முடியவில்லை. ஒரு குருவை அனுப்பினார். ஊரார் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண அரசன் சங்கிலி படை அனுப்பினான். மதம் மாறியவர்கள் ஆண், பெண், பிள்ளை என்று பாராமல் வெட்டப்பட்டார்கள். 1545இன் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைக் குறிப்பிடுகிறார். தொகை 600 முதல் 700 வரை என்பது திருச்சபை வரலாற்று வழக்கு. முத்துக்குளிப்பின் வருமானமும் போர்த்துக்கேயரின் தலையீடும் அரசனை உசுப்பின, இது வெறும் மதக் கோபம் அல்ல என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இருக்கட்டும், வெட்டப்பட்டவனுக்குக் காரணம் என்னவானால் என்ன? 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் 1477இல் நட்டது என்று சொல்லப்படுவது சரியென்றால் அது இவை எல்லாவற்றையும் கண்டிருக்கும்.

கொல்லப்பட்டவர்கள் புதைக்கப்பட்ட இடம் என்று சனம் காலங்காலமாக நம்பும் நிலத்தில், தோட்டவெளியில், வேதசாட்சிகளின் இராக்கினி அன்னை ஆலயம் இருக்கிறது. யாத்திரிகர் வருகிறார்கள், திருநாள் நடக்கிறது. ஆனால் அங்கே போகிற ஒருவர் பெயர்களைத் தேடினால் ஏமாறுவார். ஒருசில பெயர்களைத் தவிர அந்த நூற்றுக்கணக்கானோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் இல்லாதபோது கலை என்ன செய்யும்? எல்லாருக்குமாக ஒரு தாயின் சொரூபத்தை வைக்கிறது. மேசன்மாரின் வேலையும் அங்கே சுலபமாகிவிடுகிறது: எழுத்து வெட்ட வேண்டியதில்லை.

வெட்டியவர் பக்கத்துக்கும் சிலை உண்டு என்பது ஒரு பக்கக் கதை. நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு இருப்பவர் சங்கிலியன். அவர் 1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்ற கடைசி அரசர். 1544இல் ஆண்டவர் அதே பெயருடைய முந்தியவர். இருவரையும் ஒருவராக்கிப் பேசுவது வடக்கில் சாதாரணம். 2011இல் அந்தச் சிலையை மாற்றிக் கட்டியபோது அரசனின் கோலத்தையும் கையிலிருந்த வாளையும் பற்றி யாழ்ப்பாணத்தில் சர்ச்சை நடந்தது. சிலையில் ஆயுதம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சண்டை பிடிக்கிறோம்.

ஆயுதத்தையே சிலையாக்கினால் என்ன என்று இங்கிலாந்தில் ஒருவர் நினைத்தார். ஒஸ்வெஸ்ட்ரி நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அயர்ன்வேர்க் சென்ரரில் அல்ஃபி பிராட்லி என்ற சிற்பி ஒரு தேவதூதரைச் செய்தார். 27 அடி உயரம். முழுக்கக் கத்தி. நாட்டின் 43 பொலிஸ் பிரிவுகளும் பறித்தவை, சனம் தாங்களாகவே பெட்டியில் கொண்டுவந்து போட்டவை என்று ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றைக் கிருமி நீக்கி, கூர் மழுக்கி, ஒட்டினார்கள். சிறகுகள் கைப்பிடி இல்லாத வெறும் அலகுகளால் ஆனவை. கத்திக்குத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த அலகுகளில் பெயரையும் தாங்கள் சொல்ல நினைத்ததையும் பொறித்தன. 2018 முடிவில் லிவர்பூல் பேராலயத்தடியில் வைக்கப்பட்ட இந்தச் சிலை பிறகு ஊர் ஊராகப் போனது. லண்டனிலும் கொவென்றியிலும் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்குக் கத்திக்குத்து என்பது பத்திரிகைச் செய்தி மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பத்து நிமிடம் பிந்தினால் வயிற்றைப் பிசைகிற விஷயம்.

கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். பாஸ் முதலில் கேட்டது, கறளுக்கு என்ன செய்கிறார்கள் என்பது. பிறகு படத்தைப் பெருப்பித்து முகத்தை விட்டுவிட்டுச் சிறகைப் பார்த்தார். எழுத்து இருக்கிறதா, எந்தக் கையால் வெட்டியது என்று தேடினார். தாய் தகப்பனே எழுதினார்கள் என்றதும், அப்படியென்றால் எழுத்துச் சரியாக வந்திராது என்றார். கொஞ்சம் பொறுத்து, அது பரவாயில்லை என்றார்.

எனக்கும் அந்தச் சிலையின் உயரத்தைவிட அந்த எழுத்துகள்தான் பெரிதாகப் படுகின்றன. ஒரு லட்சம் கத்தியைக் கூட்டுவது காசும் அரசாங்கத்தின் ஒத்துழைப்பும் இருந்தால் நடக்கும். பெயரைப் பொதுவில் வைக்கத் துணிவது வேறு. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பேருந்தில் வந்தபோது வெட்டிக் கொன்றார்கள். தாழ்த்தப்பட்டவர் தலைவரானதுதான் குற்றம். அவர்களுக்கு எழுப்பிய ‘விடுதலைக் களம்’ நினைவிடத்தில் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் கூட்டம் கூடுகிறது. அங்கே சிற்பக் கலையின் நுட்பம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று யாராவது குறை சொல்லலாம். பெயரும் திகதியும் கொன்ற காரணமும் அங்கே மறைக்கப்படவில்லை, அது போதும்.

மன்னாரில் இந்தத் துணிவுக்கு நிலமும் ஒரு தடை. 2006 ஜூன் 8 இரவு, பெருநிலக் கரையில் வங்காலை தோமஸ்புரியில் ஒரு தச்சுத் தொழிலாளியின் குடும்பம், கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டுக்குள்ளேயே வெட்டுக்காயங்களோடு கொல்லப்பட்டுக் கிடந்தது. அவருடைய உளியும் கருவியும்தான் அந்த வேலைக்குப் பயன்பட்டன என்று அப்போது செய்திகள் வந்தன. ஊரார் இராணுவத்தைக் குற்றம்சாட்டினார்கள், இராணுவம் மறுத்தது. அதே வங்காலையில் 1985 சனவரி 6 அன்று கொல்லப்பட்ட பங்குத்தந்தை மேரி பஸ்ரியனை ஒவ்வொரு சனவரியிலும் ஊர் நினைக்கிறது. ஆலயமும் அதன் வளவும் அந்த நினைவுக்கு நிழல் கொடுக்கின்றன. திறந்த வெளியில், அரசாங்கக் காணியில் ஒரு நினைவிடத்தைக் கட்டினால் எத்தனை நாள் நிற்கும் என்பது மேசன்மாருக்கும் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவுக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியையே 2021 சனவரி 8 இரவு இடித்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு ஏப்ரலில் திரும்பக் கட்டித் திறந்தார்கள். நினைவுத்தூண் கட்டக் கூப்பிட்டால் முதல் கேள்வியாக ‘காணி ஆற்றை?’ என்று கேட்பதாகப் பாஸ் சொன்னபோது சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பெயரே கிடைக்காத நிலமும் இந்தத் தீவிலேயே இருக்கிறது. 2018இல் மன்னார் நகர வாசலில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்துக்கு நிலம் வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. அகழ்ந்து முடிப்பதற்குள் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையதும் சேர்த்து. அமெரிக்காவின் புளோரிடாவில் செய்த காபன் காலக்கணிப்பு அவற்றை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் சொன்னது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலர் அந்த முடிவை ஏற்கவில்லை. யார் அவர்கள், எப்படிச் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. அங்கே எந்த மேசனும் எதையும் எழுத முடியாது.

எழுத முடிந்த இடத்தில் எழுதாமல் விடுவதற்குத்தான் சாட்டு இல்லை. ஒவ்வொரு பங்கிலும் மரணப் பதிவேடு இருக்கிறது. 1980களிலிருந்து வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டவர்களின் பெயரும் திகதியும் அந்த ஏடுகளில் கிடக்கின்றன. மிச்சத்தைச் சொல்லத் தெரிந்த தாய் தகப்பன்மார் எழுபது, எண்பது வயதில் இன்னும் இருக்கிறார்கள். ஆலய வளவு பாதுகாப்பான காணி. அருவியாற்று மணல் கிடைக்கிறது, எழுத்து வெட்டத் தெரிந்த கைகள் தீவிலேயே உண்டு. பங்குத்தந்தையரும் பங்குச் சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் முதலில் பட்டியலை எடுக்கட்டும். குடும்பத்தார் சம்மதித்தால் பெயருக்குப் பக்கத்தில் ‘கொல்லப்பட்டார்’ என்றும் எழுதட்டும். வெளிநாட்டில் இருக்கும் மன்னார்க்காரர் ஊருக்கு இன்னொரு அலங்கார வளைவு கட்டக் காசு அனுப்புவதற்கு முன், இந்தப் பட்டியல் எந்த அளவில் இருக்கிறது என்று ஒருதரம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.