கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்

சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் சாலையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் தைக்கால். சாலையோரம் பிரம்புக் கடைகள். வாசலில் கூடை ஊஞ்சல்கள் தொங்குகின்றன, சோபாக்கள் அடுக்கிக் கிடக்கின்றன. நான் அங்கே போனது ஒரு கேள்வியோடு. பகலில் உட்காரவும் மதியம் சாயவும் விருந்தாளி வந்தால் படுக்கவும் கூடத்தில் போடுகிறோமே திவான், அதைப் பழசாக வாங்குவதா, புதுசாக வாங்குவதா? அதே கேள்வியோடு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளையும் பார்த்த பிறகு, கேள்வியே கோணல் என்று தோன்றுகிறது. வயதைக் கேட்டுப் பயனில்லை. இது பழுதானால் பிரிக்க முடியுமா, பிரித்துச் செய்ய ஆள் உண்டா என்றுதான் கேட்க வேண்டும்.

காரணம் தொழிலைக் கிட்டே இருந்து பார்த்தால் விளங்கும். பிரம்பு, கொடிபோல ஏறும் ஒரு பனை இனம். அஸ்ஸாமிலிருந்தும் அந்தமானிலிருந்தும் வருகிறது. கட்டில் பின்னுவதற்கு அதன் மேல்தோலைச் சீவி எடுத்த நார்தான் வேண்டும். அதைத் தண்ணீரில் ஊற வைக்காமல் தொடக்கூடாது. காய்ந்த நாரை வளைத்தால் சிலும்பிவிடும். மரச் சட்டத்தின் உள்விளிம்பில் சுற்றிலும் துளை போட்டிருக்கும். முதலில் நெடுக்கே ஒரு வரிசை. அதன்மேல் குறுக்கே. மறுபடி நெடுக்கே. நான்காவது, முந்தையவற்றுக்கு மேலும் கீழுமாகக் கோத்துக் குறுக்கே. பிறகு மூலைவாட்டில் இரண்டு. ஆறு நடையும் முடிந்தால் எண்கோணக் கண் விழுகிறது. முதல் மூன்று நடையில் வேகமாகப் போகிற கை, மூலைவாட்டுக்கு வந்ததும் நிதானமாகிறது. ஒரு கண் தப்பினால் அந்த வரிசை முழுவதும் தப்பு. இழுத்த நார் தளராமலிருக்கத் துளையில் சின்ன ஆப்பைச் செருகிக்கொண்டே போகிறார்கள். ஆறடிக்கு இரண்டரை அடிக் கட்டிலில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை என்றால் சுமார் 400 துளை. காய்ந்ததும் நார் சுருங்கி விறைத்துக்கொள்கிறது. பூட்ட வேண்டியதை அதுவே பூட்டிக்கொள்கிறது. முழுக்க விரல் கணக்கில் ஓடும் வேலை இது. பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நாற்காலி பின்னுவது நெடுங்காலமாக இருந்துவருவதும் அதனால்தான். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: நார் அறுந்தால் வெட்டி எறிந்துவிட்டு அதே துளைகளில் புது நார் ஓட்டலாம். மரத்துக்கு ஒரு கீறலும் விழாது.

காரைக்குடிக் கடைகளில் இருக்கும் பழைய கட்டில்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் தேறுகின்றன. கடைசல் கால், கூரும் காடியுமாகக் கோத்த சட்டம், அதை இறுக்க மூங்கில் ஆணி. ஆணியைத் தட்டி எடுத்தால் சட்டம் தனி, கால் தனி. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில் வந்த தேக்கு, வீட்டுத் தூண்களாகவும் கதவுகளாகவும் நின்றது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு சரிந்தது. பிற்பாடு பல வீடுகள் பாகம் பிரிக்க வழியில்லாமல் இடிக்கப்பட்டு, மரம் கடைக்கு வந்தது. அதனால் இன்று ‘பழைய திவான்’ என்று விற்பவற்றில் சில, பழைய தூணையும் உத்தரத்தையும் அறுத்துப் புதிதாகச் சேர்த்தவை. இதில் எனக்கு வருத்தமில்லை. நன்றாக உலர்ந்த மரம், சுலபத்தில் கோணாது. அதற்கு நூறு வயது என்று சொல்லி விலையை ஏற்றினால்தான் ஏமாற்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு 100 ஆண்டு என்று எல்லை வைத்திருக்கிறது. ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை; கடைக்காரரின் வாய்தான் எல்லை.

புதுசு எல்லாம் மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. போல்ட்டும் நட்டும் போட்டுப் பூட்டிய எளிய தேக்கு திவான், பழைய கட்டிலைவிடச் சுலபமாகப் பிரியும். அதை நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஆனால் இப்போது நாகரிகமாகியிருக்கும் பிரம்பு வலை திவான்களைக் கவனியுங்கள். பலவற்றில் துளையே இருக்காது. இயந்திரத்தில் நெய்த வலையை வாங்கி, சட்டத்தில் ஓடும் காடியில் பசையோடு அழுத்திச் செருகியிருப்பார்கள். கிழிந்தால் பழைய பசையைச் சுரண்ட வேண்டும். அப்படியும் முழு வலையை மாற்றலாம் என்பதால் அதை மன்னிக்கலாம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையில் ஸ்டேப்ளர் முள்ளடித்து, மேலே ஸ்பாஞ்சும் துணியும் போர்த்தியதை மன்னிக்க முடியவில்லை. அந்தப் பலகையில் ஒருமுறை கழன்ற திருகு மறுமுறை பிடிக்காது.

பின்னல் போனதாலேயே மரத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சண்டிகர் சாட்சி. 1950களில் கட்டடக் கலைஞர் பியர் ஜென்னரே அந்த நகரின் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் தேக்கும் பிரம்புமாக வடிவமைத்த நாற்காலிகளும் கட்டில்களும், பின்னல் தொங்கியும் கால் ஆடியும் மொட்டைமாடிகளில் குவிந்தன. காயலான் விலைக்கு ஏலம் போனவற்றை வெளிநாட்டு வியாபாரிகள் கொண்டுபோய், பழுது பார்த்துப் பெரும் விலைக்கு விற்றார்கள். உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு தடுத்தது 2011இல். அந்தப் பண்டங்களுக்குக் குறைவாக இருந்தது, பின்னிக் கொடுக்க ஒரு ஆளும் அவருக்குச் சில நாள் கூலியும்தான்.

கூலி என்றதும் எதிர்ப்பு வரும். கையால் பின்ன ஆகும் செலவில் புது திவானே வாங்கிவிடலாமே என்பார்கள். சில வேளை உண்மை. ஆனால் அந்தப் புது திவானின் ஸ்பாஞ்சு குழிந்த பிறகு மறுபடி ஒன்று வாங்குவதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரம்பு பிள்ளைகளின் ஆட்டத்தைத் தாங்குமா என்றும் கேட்பார்கள். தாங்காது. உட்காரும் பாரம் பரவிப்போகும். முழங்காலை ஊன்றினால் ஒரே இடத்தில் இறங்கி நார் அறும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதே சட்டத்தில் நாடா போடுங்கள், அல்லது பலகை. குளிரூட்டிய அறையிலும் நார் வறண்டு முறியும். அவ்வப்போது அடிப்புறத்தை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். நகரத்துச் சின்ன வீட்டில் அடியில் பெட்டி வைத்த திவான் தேவைப்படுகிறது என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மெத்தை, தலையணைகளை வேறெங்கே வைப்பது?

அளவும் பார்க்க வேண்டும். பழைய கட்டில்கள் உயரம் கூடியவை. மெத்தையும் போட்டால் கால் தரையில் பதியாது. உட்கார பதினேழு பதினெட்டு அங்குலம் சுகம். மூன்றடி அகலமென்றால் முதுகுக்குத் திண்டு இல்லாமல் உட்கார முடியாது. திண்டுக்கும் காசு ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் அடியில்தான் இருக்கிறது: துளையா, காடியா, முள்ளா என்பது குனிந்தால் தெரியும். கடைகளின் மூலையில் வெளிச்சம் குறைவு. போகும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.