ஊர்ப் பெயர் இல்லாத கடிதங்கள்

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூடத்தின் நடுவே டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் ராணுவ எண்ணும். பெயர் பாதி உதிர்ந்துவிட்டது. எண் அப்படியே இருக்கிறது.

பேரன் தாழ்ப்பாளை நெம்புகிறான். துரு உதிர்கிறது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆயா. எண்பதைத் தாண்டியவர். மடியில் பூதக்கண்ணாடி.

மேலாக ஒரு பவுடர் டப்பா. அதற்குள் ஆறு முனை நட்சத்திரப் பதக்கங்கள். ஒன்றின் நாடா மணல் நிறம். அது ஆப்பிரிக்கப் போருக்கு. இன்னொன்றில் சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகள், அது இத்தாலிக்கு. நாடாக்களில் ஊசி குத்திய தடம் இல்லை.

அடியில் கடிதங்கள். வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டிய கட்டு.

உறைகளில் களத் தபால் நிலைய முத்திரை. எண் உண்டு, ஊர் இல்லை. படை இருக்கும் இடத்தை எழுதக் கூடாது என்பது போர்க்கால விதி. பக்கத்திலேயே தணிக்கை முத்திரை. அதன் மேல் ஒரு கிறுக்கல் கையெழுத்து.

கட்டின் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு தாள். ஏர்கிராஃப். எழுதிய கடிதத்தைப் படம் பிடித்து, ஃபிலிம் சுருளை விமானத்தில் ஏற்றி, இறங்கிய இடத்தில் மறுபடி தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. ஆயா பூதக்கண்ணாடியை நீட்டுகிறார்.

“இது என்ன எழுத்து, ஆயா?”

“னை. துதிக்கை போட்ட பழைய னை.”

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பிறந்தவன் அவன். ‘யானை’ வரும் இடத்தில் திணறுகிறான். ‘துணை’யில் மறுபடி நிற்கிறான். ஆயாவின் விரல் எழுத்தைத் தொட்டுக் காட்டுகிறது.

கடிதம் எழுதியவர் ஆயாவின் அப்பா. மதராஸ் சாப்பர்ஸ் படை. ராணுவத்தில் அவர்களுக்குத் ‘தம்பிகள்’ என்று பெயர். காட்பாடியில் ரயிலேறி பெங்களூர். அங்கே பாலம் போடவும் பாதை வெட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் பயிற்சி. பிறகு கப்பல். 25 லட்சம் பேர் கொண்ட இந்தியப் படை. இந்த வீட்டிலிருந்து ஒருவர்.

1944, பிப்ரவரி 15. இத்தாலியில் மோன்டே காசினோ மடாலயத்தின் மேல் குண்டுகள் விழுகின்றன. நான்காவது இந்திய டிவிஷன் அந்த மலையில் நிற்கிறது. பிப்ரவரி 24. காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விடுகிறார். அவரும் மதராஸ் சாப்பர்தான். அவர் மறைந்த பின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வருகிறது.

அடுத்த மாதக் கடிதம் பேரன் கையில். நலம், நலமறிய அவா. இங்கே குளிர் அதிகம். கிணறு தூர் வாரியாயிற்றா? செவலைப் பசு ஈன்றதா? மணியார்டர் கைக்கு வந்ததா? அரிசி கிடைக்கிறதா? அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கு.

நடுவில் ஒரு வரி மட்டும் கறுப்பு மையில் மூடிக் கிடக்கிறது. பேரன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான். திருப்பிப் பார்க்கிறான். செல்போன் டார்ச் அடிக்கிறான். மை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த வரிக்குப் போகிறான். உளுந்து விதைப்பு.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் மஞ்சள் கறை. வந்ததும் சாமி படத்தடியில் வைத்து எடுத்த கை. அந்தக் கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து வாத்தியார் படித்துச் சொல்வார். பதிலும் அவரே எழுதுவார். கணவன் எழுதுவதைத் தணிக்கைக்காரர் பார்க்கிறார். மனைவி சொல்வதை வாத்தியார் கேட்கிறார். இருவரும் பசுவைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள்.

பேரன் நோட்டில் பட்டியல் போடுகிறான். தேதி, முத்திரை எண், யாரைப் பற்றி. 1943இலிருந்து ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. பால் போதுகிறதா? தவழ்கிறாளா? பல் முளைத்ததா? அந்தப் பெயரில் வீட்டில் யாரும் இல்லை. கேள்விக்குறி போடுகிறான்.

“அது நாந்தான்.”

நிமிர்கிறான்.

“பேர் எழுதின கடுதாசி கப்பல்ல வந்து சேர மாசக்கணக்கு ஆயிடுச்சு. அதுக்குள்ள இங்க வேற பேர் வெச்சாச்சு. அவரு மட்டும் அந்தப் பேர்லயே கூப்பிடுவாரு. கடைசி வரைக்கும்.”

கேள்விக்குறியை அடித்துவிட்டு ‘ஆயா’ என்று எழுதுகிறான். படித்து முடித்த கடிதங்களை மறுபடி பிரிக்கிறான். இம்முறை அந்தப் பெயர் வரும் வரிகளை மட்டும் உரக்கப் படிக்கிறான். ஆயா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார்.

கட்டின் கடைசிக் கடிதம் 1946. விடுதலைக் காகிதம் வந்துவிட்டது, கப்பலுக்குக் காத்திருக்கிறோம். அவளைப் பள்ளிக்கூடத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

“சேர்த்தாரா, ஆயா?”

“சேர்த்தாரு. இந்தத் துதிக்கை எழுத்தெல்லாம் அங்கதான் கத்துக்கிட்டேன்.”