'புரிந்துகொள்வார்' என்று எழுதினால் போதுமா?

செப்டம்பர் 5 வந்தால் திருத்தணியின் பெயர் நாடெங்கும் அடிபடும். 1888-ல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊராயிற்றே! அதே ஊரில் குடியிருக்கிறார் ஒரு வணிகவியல் பேராசிரியை. கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கற்றல் விளைவுகள்' எழுதித் தர வேண்டும். அதாவது, பாடம் முடியும்போது மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பது. 'மாணவர் இறுதிக் கணக்குகளைப் புரிந்துகொள்வார்' என்று வருஷா வருஷம் காப்பி, பேஸ்ட். யாரும் கேட்டதில்லை.

கேட்டவர், மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி வந்தவரை நிறுத்தினார்.

"மேடம், எம்புள்ள உங்ககிட்டதான் பி.காம் படிச்சான். ஃபர்ஸ்ட் கிளாஸ். பேங்க்ல லோனுக்கு லாப நட்டக் கணக்கு கேட்டாங்க. கடை நோட்டைக் கொடுத்தேன். ரெண்டு நாளா முழிக்கிறான்."

பையன் தலை நிமிரவில்லை.

வகுப்பில் அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அங்கே இருப்பாய்வைத் தயாராகக் கொடுத்துவிடுவார்கள். எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் கணக்கு டாலி ஆகிவிடும். அப்பாவின் நோட்டிலோ, ஆடிக் கிருத்திகைக்குக் கடனில் வாங்கிய சரக்கும் வீட்டு கேஸ் சிலிண்டரும் அடுத்தடுத்த வரிகளில் கிடந்தன. இரண்டு சாயங்காலம் கூடவே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

பிறகு அந்தப் பழைய வரியை எடுத்தார். 'புரிந்துகொள்வதை' எதை வைத்துச் சோதிப்பது? அமெரிக்காவின் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-லேயே கற்றலை ஆறு படிகளாக அடுக்கிவிட்டார்கள். அதில் புரிதல் இரண்டாவது படி. செய்து காட்டுவது அதற்கு மேலே. புதிதாக எழுதினார்: 'ஒரு சிறு கடையின் ஓராண்டு வரவு செலவு நோட்டிலிருந்து மாணவர் லாப நட்டக் கணக்கைத் தயாரிப்பார்.' இதற்கு மார்க் போடலாம்.

எழுதிவிட்டால் ஆச்சா? பழைய கேள்வித்தாளே வந்தால் பிள்ளைகள் பழையபடிதான் படிப்பார்கள். 1948-ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவும், ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் தேர்வைத்தான் சொல்வோம் என்றது. பல்கலைக்கழகத் தேர்வு இவர் கையில் இல்லை. உள்மதிப்பீடு இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு, பெயர்களை மறைத்து, நோட்டின் ஜெராக்ஸையே கேள்வித்தாளாக்கினார்.

பாதிப் பேருக்குக் கூட்டலே தப்பு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், 'வீட்டுக்கு 500'னு இருக்கே, இது கடைச் செலவா, முதலாளி எடுத்துக்கிட்ட பணமா?"

"அதைத்தாம்மா நீ எழுதணும்" என்றார் பேராசிரியை.