அப்பா கேட்ட கச்சாங் பூத்தே

இந்த மாதம் தேக்காவின் காலை உணவுக் கடைகளைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே சுற்றியும் வந்தேன். ஆனால் சில மாதங்களாக எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததை விட்டுவிட்டு அப்பத்தையும் புட்டையும் பற்றி எழுத மனம் வரவில்லை.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் அம்மா காலமானார். காரியங்கள் முடிந்ததும் அப்பாவை எங்கள் செங்காங் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் தோசை வைத்தால் நடுப்பகுதியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுவார். மதியம் ரசஞ்சோறு. இரவில் வசந்தம் ஒளிவழியைப் பார்த்துக்கொண்டே தட்டில் கோலம் போடுவார். கேட்டால், “பசிக்கலம்மா” என்பதோடு சரி.

ஏப்ரலில் பலதுறை மருந்தகத்தில் எடை பார்த்தார்கள். 59 கிலோ. போன ஆண்டு இதே அட்டையில் 68 என்று இருந்தது. தாதி அந்த இரண்டு எண்களையும் பேனாவால் தட்டிக் காட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. உணவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவள் வீட்டில் பெற்ற தகப்பன் பட்டினியா? மீன் தலைக் கறி வைத்தேன். கோழி வறுத்தேன். 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாசுக்கு அழைத்துப் போனேன். அம்மாவுடன் அவர் வழக்கமாகப் போகும் இடம் அது. காப்பியை மட்டும் குடித்தார். வடையை என் மகன் தின்றான்.

மே மாதம் ஒருநாள் பேருந்தில் மெக்கன்சி சாலையைக் கடந்துகொண்டிருந்தோம். அப்பா சன்னல் பக்கம் கையைக் காட்டினார். “இங்கதான் ரெக்ஸ். கல்யாணமான புதுசுல உங்கம்மாவை இங்க கூட்டிட்டு வருவேன். இங்கிலீஷ் படம். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியாது. வாசல்ல கச்சாங் பூத்தே வாங்கிட்டு உள்ள போவோம், அது தீர்ற வரைக்கும் படம் நல்லா இருக்கும்.” பிறகு சற்று நேரம் கழித்து, “இப்ப ஒரு சுருள் கிடைச்சா தின்னலாம்” என்றார்.

நான்கு மாதங்களில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் பண்டம் அதுதான்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மலாயில் கச்சாங் என்றால் கடலை, பூத்தே என்றால் வெள்ளை. பெயர்தான் மலாய், விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தொடக்கத்தில் தட்டைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போனார்கள். பிறகு திரையரங்கு வாசல்களிலும் பள்ளிக்கூடங்களின் அருகிலும் தள்ளுவண்டிகள் நின்றன. வறுத்த கொண்டைக்கடலை, பச்சைப் பட்டாணி, சீனி பூசிய வேர்க்கடலை, முறுக்கு, ஓமப்பொடி, மரவள்ளிச் சீவல் எனப் பத்து வகை இருக்கும். பழைய புத்தகத் தாளையோ தொலைபேசிப் புத்தகத் தாளையோ கூம்பாகச் சுருட்டி, கேட்டதை அள்ளிப் போடுவார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் அதே வண்டியில்தான் வாங்கினார்கள்.

தெருவில் விற்றவர்களை 1986ஆம் ஆண்டுக்குள் அங்காடி நிலையங்களுக்கு மாற்றி முடித்தார்கள். 1992ல் ஈசூனில் பத்துத் திரைகள் கொண்ட அரங்கு திறந்தது. படம் பார்க்கும்போது சோளப்பொரி தின்பது வழக்கமாயிற்று. சிலேகி சாலையில் பீஸ் சென்டர் அருகே ஒரு வண்டி மட்டும் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, நானும் அங்கே வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தையும் 2024 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். நம் அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2020 டிசம்பரில். பட்டியலில் ஏறினால் தள்ளுவண்டி திரும்பி வந்துவிடுமா என்ன?

அப்பா கேட்ட மறுநாளே தேக்காவுக்குப் போய் பொட்டலங்களாக ஐந்து வகை வாங்கி வந்தேன். தாளைச் சுருட்டி, கலந்து போட்டு, அப்பா கையில் கொடுத்தேன். இரண்டு பட்டாணியை வாயில் போட்டு வெகுநேரம் வைத்திருந்தார். “இது இல்லம்மா” என்று சுருளை மேசையில் வைத்துவிட்டார்.

சரி, நாமே வறுப்போம் என்று இறங்கினேன். வண்டிக்காரர்கள் மணலில் வறுப்பார்கள். வீவக வீட்டில் மணலுக்கு எங்கே போவது? கல் உப்பை வைத்துச் செய்யலாம் என்று தோழி சொன்னாள். காய்ந்த வெள்ளைப் பட்டாணியை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஈரம் போக உலர்த்தினேன். இரும்புச் சட்டியில் ஒரு கிலோ கல் உப்பைக் கொட்டிக் காயவிட்டு, ஒரு பிடி பட்டாணியைப் போட்டுக் கிளறினேன். முதல் பிடி கருகியது. இரண்டாவது பிடி கல்லாக இருந்தது. மூன்றாவது வெடித்து அடுப்பு, தரை, சன்னல் எல்லா இடத்திலும் சிதறியது, புகை எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு மாக்சிக் ஓடி வந்தார். நிலவரத்தைப் பார்த்தவர், தரையில் கிடந்த ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டு “கச்சாங் பூத்தே!” என்றார். கேலாங்கில் சிறுமியாக இருந்தபோது பத்துக் காசுக்கு வாங்கித் தின்ற கதையைச் சமையலறை வாசலிலேயே நின்று சொல்லி முடித்தார்.

ஏழாவது பிடி நன்றாக வந்தது. தோல் வெடித்து, உள்ளே பொரபொரவென்று. எனக்குப் பெருமையாகவே இருந்தது. அப்பாவிடம் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். “நல்லா இருக்கும்மா” என்றார். ‘இருக்கும்’ என்கிறாரா, ‘இருக்கு’ என்கிறாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துச் சலவை இயந்திரத்தில் கடகடவென்று சத்தம். திறந்து பார்த்தால், அவர் சட்டைப் பையில் போட்டு மறைத்த பட்டாணி அத்தனையும் உள்ளே உருண்டுகொண்டிருந்தது.

அன்று எனக்கு அழுகை வந்தது. கோபமும்தான்.

ஜூன் பள்ளி விடுமுறையில் கணவரின் உறவுக்காரத் திருமணத்துக்காக ஈப்போ போனோம். ஈப்போ என்றதும் எல்லாரும் வெள்ளைக் காப்பியையும் உப்புக் கோழியையும் சொல்வார்கள். நான் முதலில் கேட்டது புந்தோங்குக்கு வழி. அங்கே கச்சாங் பூத்தே கம்பம் என்று ஓர் இடமே இருக்கிறது. எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிக் கடலை வறுத்து விற்ற இடம். பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம். தலையில் தட்டு சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கடை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் புட்டிகளிலும் நெகிழிப் பைகளிலும் முறுக்கு, பக்கோடா, கடலை வகைகள் வரிசையாக இருக்க, எண்ணெயும் கறிவேப்பிலையும் கலந்த வாசனை. தீபாவளிக்கு முந்தின நாள் நம் வீடுகளில் வருமே, அதே வாசனை.

கடையில் இருந்த அக்காவிடம், “எங்கப்பாவுக்குப் பழைய ருசியில வேணும்கா, சிங்கப்பூர்ல எதைக் கொடுத்தாலும் இது இல்லைங்கிறார்” என்றேன்.

அவர் எதையும் எடுக்கவில்லை. “அப்பாவுக்கு என்ன வயசு?”

“எழுபத்தாறு.”

“பல்லு எப்படி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா பல்செட் போட்டிருக்கிறார் என்று தெரியும். அது எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“வண்டியில வறுத்தது மட்டுமா இருக்கும்? ஒரு பக்கம் அவிச்ச கடலையும் சூடா வச்சிருப்பாங்க. அதைக் கொடுத்துப் பாரேன்” என்றார் அந்த அக்கா. வறுத்ததையும் இரண்டு பை கட்டிக் கொடுத்தார். அது எனக்கும் பிள்ளைகளுக்கும் ஆயிற்று. ஜொகூர் பாலம் தாண்டும் முன்னரே ஒரு பை காலி.

வீடு வந்ததும் அப்பாவின் அறையில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினார். பல்செட் அதற்குள் இருந்தது. உடம்பு இளைத்ததும் ஈறில் பொருந்தாமல் குத்த ஆரம்பித்ததாம். அம்மா இருந்தபோது அவர்தான் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுப்பாராம். “நீ வேலைக்கும் போயிட்டு, புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு... இதுக்கு வேற உன்னை எதுக்கு அலைய வைக்கணும்னுதான்.” தோசையின் ஓரம் ஏன் தட்டில் மிஞ்சியது, வடை ஏன் மகனுக்குப் போனது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பசி இல்லாமலும் இருந்திருக்கலாம், அம்மா இல்லாத வீட்டில் அதுவும் நியாயம்தான். ஆனால் கொஞ்சமாவது பசித்த நேரங்களில், அவரால் மெல்ல முடியாததையே நான் வகைவகையாக முன்னால் வைத்திருக்கிறேன்.

பல் மருத்துவரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் கிடைத்தது. அன்றிரவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டேன். இதில் வித்தை ஒன்றும் கிடையாது. வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு குவளை, எட்டு மணி நேரம் ஊற வேண்டும். புதுத் தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், குக்கரில் ஆறு விசில். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் தோல் கழன்றுவிடக் கூடாது. தண்ணீரை வடித்து, சூடு ஆறுமுன் கொடுங்கள். கடுகு தாளித்துத் தேங்காய் போடக் கை துறுதுறுக்கும். போட்டால் அது சுண்டல், நவராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுருளுக்குத் தாள் தேடினேன். சென்ற மாத இணைப்பு, நான் எழுதிய பக்கம், கையில் கிடைத்தது. மை ஒட்டக் கூடாதே என்று உள்ளே வெண்ணெய்த்தாள் வைத்துச் சுருட்டினேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுருளை வாங்கியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், சூடு இருந்ததால். ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. தொலைக்காட்சியில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்காததுபோலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சுருள் தீர்ந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“என்னப்பா?”

“உப்பு பத்தலம்மா” என்று சுருளை நீட்டினார்.