சடைக்குக் காரம் ஆகாது

முடியை எப்படி அழிப்பது என்று பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இருந்தால் போதும். ஊறவைத்த ஆட்டுத்தோலின் சதைப்புறத்தில் இந்தக் கலவையைப் பூசி மடித்து வைத்தால், மறுநாள் முடி வேரோடு கழன்று கையோடு வரும். குழியிலோ டிரம்மிலோ போட்டு சல்பைடைக் கூட்டிவிட்டால் முடி கரைந்து சேறாகிவிடும். என் அப்பா சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு தோல் ஷாப்பின் சோதனைச்சாலையில் இருந்தேன்; தோல் பதனிடும் ஆலையை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வோம். இப்போது சடைமுடி வைத்திருப்பவர்களுக்குத் தலை கழுவும் கஷாயமும் தைலமும் வீட்டிலேயே காய்ச்சித் தருகிறேன். முடியைக் காப்பதில் எனக்குத் தெரிந்ததில் பாதி, முடியைக் கரைக்கும் அந்த இடத்தில் கற்றது.

என்னிடம் வருகிறவர்கள் பல தினுசு. வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாமியார்கள் சிலர். அம்மன் சடை விழுந்தது என்று பல வருடமாகச் சுமக்கும் பெண்கள். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகுமுன் தலைக்கு ஊற்றிக்கொள்ள வருவார்கள். பிறகு, காசு கொடுத்துச் சடை பின்னிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள். நம்பிக்கையும் காரணமும் எதுவானாலும் தலையில் இருக்கும் பொருள் ஒன்றுதான்: சீப்பு படாமல், ஒன்றோடொன்று செதில் மாட்டிக்கொண்டு இறுகிப்போன முடி.

முடி, கம்பளி, நகம் எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சல்பைடு நேராகப் போய் அறுப்பது இந்தப் பிணைப்பைத்தான்; அதற்கு வழி திறந்துவிடுவது சுண்ணாம்பின் காரம். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். குளியல் சோப்பு 9, 10 என்று நிற்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் 8-க்கு மேல். முடிக்கு உகந்ததோ 5-ஐ ஒட்டிய இளம்புளிப்பு. 12-இல் நடப்பது 8-இல் நடந்துவிடாது. ஆனால் போகும் வழி அதுதான். செதில் விரியும், தண்ணீர் உள்ளே ஏறி முடி உப்பும், உப்பிய முடி உரசி உரசித் தேயும். அவிழ்த்துப்போட்ட கூந்தலில் இந்தச் சேதம் சீப்பில் வரும் முடியாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சடையில் தெரியாது. உதிர்ந்த முடியும் சடைக்குள்ளேயே கிடக்கும். ஒருநாள் வேர்ப்பக்கம் நூலாக இளைத்து, முழுச் சடையும் இற்று விழும்போதுதான் தெரியவரும்.

ஆகவே பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, ஆப்ப சோடா போட்டாயா என்பதுதான். பெரும்பாலும், “ஆமாக்கா, வீடியோல சொன்னாங்க” என்பார்கள். அழுக்கு பளிச்சென்று போவது உண்மை. மாதாமாதம் அதையே செய்தால் சடை நிற்காது.

நான் நம்புவது பூந்திக்கொட்டையை. சந்தையில் வாங்கும்போதே தோட்டைப் பார்க்க வேண்டும். நல்ல தோடு தேன் நிறத்தில் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், விரலால் அழுத்தினால் லேசாகப் பிசுக்கும். கறுத்துச் சுருங்கியதை வாங்குவதில்லை. உடைத்து, உள்ளிருக்கும் கருவிதையை எறிந்துவிட வேண்டும். நுரை தோட்டில்தான் இருக்கிறது. 100 கிராம் தோட்டுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் சிறுதீயில் 20 நிமிடம் காய்ச்சுவேன். பால் மாதிரி பொங்கி வழியும், அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆறியதும் கையால் கசக்கி, பழைய வேட்டித்துணியை நாலாக மடித்து வடிகட்டுவேன். அப்படியே ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் மண்டி தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, மறுபடி துணியில் வடிப்பேன்.

சாதாரணத் தலைக்கு இந்த இரண்டாம் வடிகட்டல் தேவையில்லை. சடைக்கு அது இல்லாமல் முடியாது. நம் வீடுகளில் அரைக்கும் சீயக்காய்ப்பொடியில் பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு எல்லாம் இருக்கும். அவிழ்ந்த கூந்தலில் அந்தத் தூள் அலசும்போது போய்விடும், மிச்சம் காய்ந்தபின் சீப்பில் உதிரும். சடைக்குள் போன தூள் வெளியே வர வழி கிடையாது. வெந்தயம் கோந்தாகிப் பிடித்துக்கொள்ளும், பயறு மாவு ஈரத்தில் புளிக்கும், அதில் பூஞ்சை ஏறும். நாள்பட்ட சடை ஒன்றை வெட்டிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே கறுப்பு. நடுவில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கட்டி, விண்டால் மாவாக உதிர்ந்தது. அதைப் பார்த்தபின் எந்தப் பொடியையும் சடைக்குக் கொடுப்பதில்லை. சீயக்காயானாலும் கஷாயமாக்கி வடித்ததுதான்.

பூந்திக்கொட்டைக்கு எங்கள் ஊரில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. இங்கே தண்ணீர் கடினம், உப்பும் கூட. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு வரும். முதல் ஊறலிலேயே அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். பல பத்தாண்டுகள் அந்தத் தண்ணீர் பாலாற்றிலும் வயலிலும் விடப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நிலத்துக்குள் போன உப்பு தீர்ப்பு வந்ததும் வெளியே வந்துவிடவில்லை. போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வராது. கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரியும். பக்கெட் ஓரத்தில் பிடிக்கும் அதே பிசுக்குதான் சடைக்குள்ளும் படிகிறது. படிந்த இடத்தில் தூசி ஒட்டும். பூந்திக்கொட்டையின் சபோனின் கால்சியத்தோடு அப்படித் திரியாது. கடின நீரிலும் நுரைக்கும், அலசினால் போய்விடும். இருந்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட உசத்தி எதுவும் இல்லை. அந்தக் குடத்தில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்தால் விரிந்த செதில் படியும். அதன்பின் வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசிவிட வேண்டும். எலுமிச்சை தோலில் தங்கி வெயில் பட்டால் சிலருக்குப் புண்ணாகிக் கறுக்கும்.

சடை இறுகக் கடல் உப்புத் தண்ணீரைத் தெளிக்கச் சொல்லி வெளிநாட்டுக் குறிப்புகள் நிறைய வருகின்றன. குளிர்நாட்டில், நல்ல தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆம்பூர்க் குழாயில் குளிப்பவர் தலையில் இனி உப்புத் தெளிக்க என்ன இருக்கிறது? முடி முறுகி ஒடிவதற்குத்தான் உதவும்.

துவர்ப்புப் பொருட்களில் நான் மிகவும் எச்சரிக்கை. குரோமியம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தோல் எல்லாம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்பட்டதுதான். ஈஸ்ட் இந்தியா லெதர் என்று கப்பலேறியது அந்தத் தோல். டானின் புரதத்தைப் பிடித்தால் விடாது. தோலை அழுகாமல் ஆக்குவதும் அந்தப் பிடிதான். முடியும் புரதம். ஆவாரம்பூ மென்மையானது, ஒரு கைப்பிடி காய்ந்த பூவைக் கஷாயம் இறக்கியபின் சூட்டில் போட்டு மூடிவைத்தால் தலை அரிப்பு அடங்கும், மணமும் வரும். கடுக்காயை அப்படிக் கைப்பிடியாகப் போட்டால் சடை குச்சியாக விறைக்கும். இன்னொன்று, நெல்லிக்காயோ கடுக்காயோ இரும்புச் சட்டியில் பட்டால் மையாகக் கறுக்கும். தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோலில் ஒரு துருப்பிடித்த ஆணி உராய்ந்தாலே நீலக்கறுப்பில் கோடு விழும், அது போகாது. வயதானவர்களின் வெளுத்த சடையில் அந்தக் கறை திட்டுத் திட்டாகத் தெரியும். எவர்சில்வர் பாத்திரம் அல்லது மண்சட்டி, இரண்டில் ஒன்றில்தான் காய்ச்சுவேன்.

சடையை ஒட்டவைக்கப் பசை தேடுவது பழைய ஆசை. வால்மீகி ராமாயணத்தில் கங்கைக்கரையில் குகனிடம் ராமன் ஆலம்பால் வாங்கித்தான் சடை திரிக்கிறான். ஆலம்பால் காய்ந்தால் பிசினாக இறுகும். துறவுக்குப் புறப்படும் ஒருநாள் கோலத்துக்கு அது போதும். இன்றைய பிள்ளைகள் தேன்மெழுகு வாங்கிப் பூசுகிறார்கள். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டுத் தண்ணீரை எந்தத் தலை தாங்கும்? பூசியது பூசியதுதான், உள்ளேயே கிடந்து ஈரத்தை அடைத்து வைக்கும். சடை தானாக இறுகும். கம்பளி இறுகுவதும் இப்படித்தான்: செதில்கள் ஒரே திசையில் மாட்டிக்கொண்டு, ஈரத்திலும் உரசலிலும் உள்ளே உள்ளே போகும். விரலால் உருட்டிவிட்டால் அதற்குப் போதும். அவசரப்படுகிறவர்களுக்குக் கற்றாழைச் சோறு கொஞ்சம் தருவேன், அது தண்ணீரில் போய்விடும்.

தைலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொடுதலைச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, சடசடப்பு முழுதும் அடங்கி, அடியில் தங்கிய வண்டல் மணலாக உருளும் பதத்தில் இறக்குவது. சாற்றின் ஈரம் மிஞ்சினால் பத்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும். வகிட்டில் மட்டும், விரல் நுனியால், கழுவுவதற்கு முதல் நாள் இரவு தடவ வேண்டும். சடைமேல் ஊற்றினால் உள்ளே போய்க் கெட்டுப்போகும். பேனுக்குச் சீத்தாப்பழ விதையை அரைத்துப் போடுகிறவர்களை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும்.

இத்தனைக்கும் மேல், காய்ச்சுவதை விட, கழுவுவதை விட, காயவைப்பதுதான் பெரிய வேலை. கட்டைவிரல் பருமன் சடை வேலூர் வெயிலிலும் நாலைந்து மணி நேரம் கேட்கும். முதலில் துண்டைச் சுற்றி, வேரிலிருந்து நுனிவரை பிடித்துப் பிழிய வேண்டும். துண்டில் வரும் தண்ணீர் முதலில் பழுப்பாக வரும், பிறகு வெளுக்கும். காலை ஒன்பது மணிக்குமேல் யாருக்கும் தலைக்கு ஊற்றுவதில்லை. மேல்பாகம் காய்ந்து சூடாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. நடுவில் விரலால் அழுத்தி முகர்ந்து பார்க்க வேண்டும். ஈரத்தோலை மூடி வைத்தால் பூஞ்சை எப்படிப் பொட்டுப் பொட்டாகப் பூக்கும் என்பதைச் சோதனைச்சாலையில் தினம் பார்த்தவள் நான். அந்த வாடை எனக்கு உடனே தெரியும்.

“இன்னும் காயல, கொஞ்ச நேரம் வெயில்ல ஒக்காருங்க ஆயா.”

“அம்மா சடைக்கு ஒண்ணும் ஆவாதும்மா.”

“அம்மா சடைதான் ஆயா. ஈரத்தோட அவளைக் கட்டி வெக்கலாமா?”

அதற்குமேல் எந்த ஆயாவும் எழுந்து போனதில்லை. கடைசியில் சாம்பிராணி போடுவோம். புகை மட்டும் ஈரத்தை எடுக்காது, தணலின் வெதுவெதுப்புதான் எடுக்கும். மணம் மனசுக்கு நல்லது.

அம்மன் சடையை வெட்டிவிடுவதுதானே என்று படித்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கதிர்காமத்தில் சடை தரித்த அடியார்களைச் சந்தித்து, அவர்கள் வாழ்க்கையை 1981-இல் புத்தகமாக எழுதினார் இலங்கை மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர. அந்தப் பெண்களின் சடைக்குப் பின்னால் குடும்பத் துயரமும் தெய்வத்தோடான உறவும் பின்னிக் கிடப்பதை அவர் காட்டினார். எனக்குத் தெரிந்த ஆயாக்களும் அப்படித்தான். சிலருக்கு அது பலம். சிலருக்குப் பயம், கழுத்து வலியோடு, வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சுமக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பினர் அப்படிப்பட்ட பெண்களிடம் பொறுமையாகப் பேசி, அவர்கள் சம்மதத்தோடு சடை நீக்கிவருகிறார்கள். அந்தப் பொறுமையை மதிக்கிறேன். என்னிடம் வருகிறவர் வெட்ட வேண்டும் என்றால் கத்தரிக்கோல் எடுத்துத் தருவேன். வேண்டாம் என்றால் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கற்றுத் தருவேன். புண், சீழ், விடாத அரிப்பு இருந்தால் கஷாயம் கொடுக்காமல் தோல் டாக்டரிடம் அனுப்புவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கழுவும் கஷாயம் கொடுப்பதை நிறுத்திவிடுவேன். அந்த நாட்களில் ஈரத்துணியால் வகிடு மட்டும் துடைத்துக்கொண்டால் போதும். பூந்திக்கொட்டைக் கஷாயம் வெளியில் இரண்டு நாள் தாங்காது, பிரிட்ஜில் ஒரு வாரம். எனவே காய்ந்த தோடாகவே கொடுத்தனுப்பி, காய்ச்சும் விதத்தைத் தாளில் எழுதித் தருகிறேன். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தபின் அவர்களே காய்ச்சிக்கொள்வார்கள்.